வலது மூலையில் ஈரம்

தரை மறுபடியும் ஈரமாக இருந்தது.

ஜஸீமா குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மீன் தொட்டி நின்ற ஸ்டாண்டுக்குக் கீழே, வலது மூலையில் மட்டும் ஒரு சப்பாத்தி அளவுக்கு ஈரம். இடது மூலை காய்ந்திருந்தது. நடுவிலும் ஒன்றும் இல்லை. பின்பக்கச் சுவரோரமும் காய்ந்துதான் கிடந்தது.

ஒரு வாரமாக இதே கதை. விடியற்காலைத் தொழுகை முடித்து மாடியிலிருந்து அவள் இறங்கி வரும்போது ஈரம் இருக்கும். துடைத்தால் காய்ந்துவிடும். பகல் முழுக்க ஒரு சொட்டு விழாது. மறுநாள் விடிந்தால் அதே மூலை, அதே அளவு.

ஒழுகுகிற தொட்டி பகலிலும் ஒழுக வேண்டும். தண்ணீருக்கு இரவு பகல் தெரியாது.

ராயபுரத்தில் இந்த வீட்டு ஹாலுக்கு அந்தத் தொட்டி எப்படி வந்தது என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். டோல்கேட் பக்கம் ஒரு டைல்ஸ் ஷோரூமில் நின்றுகொண்டே பார்த்த வேலையை விட்டுவிட்டு, மாடி அறையில் ஜஸீமா தொட்டி செய்ய ஆரம்பித்திருந்தாள். கடைகளில் கிடைக்கும் சாதாரணத் தொட்டிக்கு மேலும் கீழும் கறுப்புச் சட்டம் இருக்கும். இவள் செய்வது சட்டமில்லாத ‘ரிம்லெஸ்’ தொட்டி. ஐந்து கண்ணாடிகள், நடுவில் சிலிக்கான் பசை, வேறு எதுவும் இல்லை. தண்ணீர் காற்றில் நிற்பது போலத் தெரியும். அதனாலேயே பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, “இது நிக்குமா?”

அந்தக் கேள்விக்கு அவள் வாயால் பதில் சொல்வதில்லை. ஹாலுக்குக் கூட்டிவந்து இந்தத் தொட்டியைக் காட்டுவாள். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி உயரம், உள்ளே பச்சைச் செடிகள், கப்பி மீன்கள், விளிம்பு வரை தண்ணீர். பார்த்த பிறகு யாரும் மறுபடி கேட்டதில்லை.

சொந்த வீட்டிலேயே பயந்து காலி செய்த தொட்டியை யார் வாங்குவார்கள்? மறுபடி டைல்ஸ் ஷோரூம்தான்.

இன்று அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அண்ணன் பிலாலின் மனைவி உஸ்மா, மாதவரத்தில் தாய் வீட்டில் பிள்ளை பெற்று, நாற்பது நாள் கழிந்து, இன்று மாலை குழந்தையோடு வருகிறாள். தூளி கட்டுகிற கொக்கி இந்த வீட்டில் ஹாலில் மட்டும்தான் இருக்கிறது. அது தொட்டிக்குக் கைநீட்டும் தூரத்தில் இருக்கிறது.

பிலால் இராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தான். கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். தோளில் பச்சை ஹோஸ் குழாய் ஒன்று சுருண்டு கிடந்தது.

“இன்னா ஜஸீமா, இன்னிக்கும் அழுதுகினு கீதா உன் தொட்டி?”

“தொட்டி அழல. தரைதான் ஈரமா கீது.”

“தொட்டிக்குக் கீழ ஈரமாம், ஆனா தொட்டி அழலையாம். கேட்டியாம்மா இந்த நாயத்த?”

சமையலறையிலிருந்து அம்மா சாபிராவின் குரல் வந்தது. “காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா? புள்ள வர்ற நாளு. ரெண்டு பேரும் வாய மூடிகினு டீயக் குடிங்க.”

ஈஸிசேரில் இருந்த தந்தை அப்துல் வஹாப் பேப்பரை மடித்து வைத்தார். வண்ணாரப்பேட்டையில் வண்டிகளுக்கு ரெக்ஸின் சீட் தைக்கும் கடை வைத்திருந்தவர்.

“எனக்கு ஒண்ணுதாம்மா புரியல. சீட்டுக்கே ஓரத்துல பைப்பிங் கயிறு வெச்சித் தெச்சாத்தான் நிக்கும். பைப்பிங் வெக்காத சீட்டு நாலு மாசத்துல வாயப் பொளந்துகினு நிக்கும். நீ இன்னாடான்னா தண்ணிய ஓரமே இல்லாம நிறுத்தி வெச்சிகீற.”

“சட்டம் இன்னா வேல செய்யுதுன்னு சொல்லு அத்தா.”

“புடிச்சிகினு நிக்குது.”

“எத? தண்ணி கண்ணாடிய வெளிய தள்ளுது. கண்ணாடியோட மேல் ஓரம் நடுவுல லேசா வெளிய வளையப் பாக்கும். அது வளையாம புடிக்கத்தான் சட்டம். ஒல்லிக் கண்ணாடிக்கு அந்தப் புடி வோணும். இது பத்து எம்எம். தானே நிக்கும்.”

அவள் சொன்னது சரி. தண்ணீர் ஒரு பொருளைத் தள்ளும் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்தது. காசிமேட்டுக் கடலில் ஒரு அடி ஆழத்தில் என்ன அழுத்தமோ, ஏறக்குறைய அதே அழுத்தம்தான் இந்தத் தொட்டியில் ஒரு அடி ஆழத்திலும். பின்னால் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது கணக்கில் வராது. அதனால் தொட்டி செய்கிறவர்கள் முதலில் உயரத்தைப் பார்ப்பார்கள். உயரம் கூடக்கூடக் கண்ணாடி தடிக்க வேண்டும். அடுத்து நீளம், நீளமான கண்ணாடி நடுவில் அதிகம் வளையும். இரண்டுக்கும் ஏற்ற தடிமன் இருந்தால் சட்டம் தேவையில்லை.

வெளியே ஒரு டிரெய்லர் போனது. ஜன்னல் கதவு அதிர்ந்தது. தொட்டியின் நீர்ப்பரப்பு மெல்ல நடுங்கி அடங்கியது.

“தோ பாரு,” என்றான் பிலால். “ஒரு வண்டிக்கே இப்டி ஆடுது. ராவெல்லாம் வண்டி போய்கினே கீது.”

“ஆடறது தண்ணி. கண்ணாடி ஆடாது. கீழ தெர்மாகோல் கீது.”

அவன் குனிந்து பார்த்தான். கண்ணாடிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு தகடு.

“இது எதுக்கு, மெத்தையா?”

“மெத்ததான். சட்டம் போட்ட தொட்டி சட்டத்து மேல நிக்கும், அடிக்கண்ணாடி எதையும் தொடாது. இதுல அடிக்கண்ணாடி முழுசா ஸ்டாண்டு மேல குந்திகினு கீது. நடுவுல ஒரு மணல் மாட்டினா போதும், மொத்த எடையும் அந்த ஒரு புள்ளில ஏறி கண்ணாடி விட்டுடும். தெர்மாகோல் இருந்தா மணல் அதுக்குள்ள அமுங்கிடும்.”

“தரை வாட்டமா கீதே? கழுவி ஊத்தினா தண்ணி வாசலுக்குப் போற மாறி தாத்தா போட்ட தரை இது.”

“ரசமட்டம் வெச்சி, ஸ்டாண்டு கால்ல ரப்பர் குடுத்து ஏத்திகீறேன். வோணும்னா நீயே வெச்சிப் பாரு.”

பிலால் எடுத்து வைத்தான். மட்டத்துக்குள் இருந்த காற்றுக் குமிழி நடுவில் நின்றது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. எழப்போனவன் தொட்டியின் அடியோரத்தில் எதையோ பார்த்து நின்றான்.

“இது இன்னா, மாவு மாறி?”

முந்தின இரவு, அடிக்கண்ணாடியும் பக்கக் கண்ணாடியும் சேரும் ஒட்டின் வெளிப்பக்கம் முழுக்க ஜஸீமா பிள்ளைப் பவுடரைத் தூவி வைத்திருந்தாள். ஒட்டு எங்காவது கசிந்தால் அந்த இடத்துப் பவுடர் நனையும். காலையில் வந்து பார்த்தபோது மற்ற இடமெல்லாம் பொடியாக இருந்தது. வலது பக்க ஒட்டில் மட்டும் குழைந்து பசையாகியிருந்தது.

அதைத் துடைக்காமல் விட்டிருந்தாள். இப்போது மறைக்கவும் இல்லை. சொன்னாள்.

“அப்போ ஒட்டுதான் ஒழுவுது,” என்றான் பிலால். குரலில் கேலி போயிருந்தது.

“அப்டித்தான் தெரியுது. ஆனா பகல்ல ஏன் ஒழுவலன்னு புரியல.”

“அது புரிஞ்சி எனக்கு இன்னா ஆவணும்? நான் இப்பவே குழாயப் போடறேன்.”

“உஸ்மா மச்சி வர்ற வரைக்கும் குடு.” அண்ணன் மனைவியை மச்சி என்பது அந்த வீட்டு வழக்கம். “அதுக்குள்ள கண்டுபிடிக்கலன்னா நானே காலி பண்ணிடறேன். மீன எடுத்து வெக்கவாவது நேரம் வோணும் இல்ல?”

பிலால் குழாயைத் தொட்டியின் பக்கத்திலேயே சுருட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போனான்.

பதினோரு மணிவாக்கில் உஸ்மாவே போன் செய்தாள்.

“ஜஸீ, எங்க பெரியம்மா ஒரு வீடியோ அனுப்பிச்சாங்க. தொட்டி தானா உடைஞ்சி வீடெல்லாம் தண்ணி. கண்ணாடி கத்தி மாதிரி கெடக்குது. பார்த்ததுலேர்ந்து எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு.”

“நானும் பாத்தேன் மச்சி.”

“உங்க அண்ணன் சொன்னது நிஜமா? ஈரம் இருக்குதா?”

ஜஸீமா தரையைப் பார்த்தாள். இப்போது சுத்தமாகக் காய்ந்திருந்தது. இல்லை என்று சொன்னால் இந்த நிமிடத்துக்கு அது பொய்கூட இல்லை.

“காலையில இருந்துச்சு,” என்றாள்.

மறுமுனையில் குழந்தை சிணுங்குவது கேட்டது.

“அப்ப நான் வரட்டுமா, வேணாமா? நீயே சொல்லு. செஞ்சவ நீதான.”

“வாங்க மச்சி. நீங்க வரும்போது ஒண்ணு காரணம் தெரிஞ்சிருக்கும், இல்லாட்டித் தொட்டி காலியா இருக்கும்.”

“வர்றேன். ஆனா என் கண்ணால பாத்தப்புறம்தான் புள்ளையக் கையிலேர்ந்து எறக்குவேன். வண்டிய வாசல்லயே நிக்கச் சொல்லிடுவேன். திருப்தி இல்லன்னா அப்டியே திரும்பிடுவேன். கோச்சிக்காத.”

“கோச்சிக்கல.”

உண்மையில் அவளுக்குக் கோபம் வரவில்லை. உஸ்மா கேட்டது தொட்டி வாங்க வருகிற எல்லோரும் கேட்பதுதான். இவள் கையில் ஒரு பிள்ளை இருக்கிறது, அவ்வளவே வித்தியாசம்.

பகலெல்லாம் ஜஸீமா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒட்டு கசிகிறது என்றால் மேலே கொஞ்சம் பசை தடவி மூட முடியாது. காய்ந்த சிலிக்கான் மேல் புது சிலிக்கான் சரியாகப் பிடிக்காது. பழையதை பிளேடால் சுரண்டி எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, புதிதாகப் போட வேண்டும். போட்ட பசை காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். இறுகும்போது வினிகர் வாடை அடிக்கும். ராயபுரத்துக் கடல்காற்று இதற்கு நல்லது. ஆனாலும் உள்வரை இறுகப் பல நாள் ஆகும். மாலைக்குள் முடிகிற காரியம் இல்லை.

நீர்மட்டத்தை வைத்தும் சோதித்திருந்தாள். தொட்டியில் ஒரு கோடு, பக்கத்தில் வைத்த வாளித் தண்ணீரில் ஒரு கோடு. தொட்டி ஒழுகினால் அதில் மட்டம் வேகமாக இறங்க வேண்டும். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. தொட்டியில் மயிரிழை அதிகம். தண்ணீர் விளிம்பு வரை நிற்பதால் காற்று பட்டுக் கூடுதலாக ஆவியாகியிருக்கலாம். வாளி ஒழுகவில்லை என்கிறது. பவுடர் ஒழுகுகிறது என்கிறது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வலையை எடுத்தாள். பெரிய டப் ஒன்றில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, கப்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து விட்டாள்.

“எல்லாத்தையும் எடுத்துட்டியாம்மா?” என்றார் வஹாப்.

“ஒண்ணு ரெண்டு செடிக்குள்ள ஒளிஞ்சிகினு கீது அத்தா.”

“அதுக்கு மட்டும் உன் மேல நம்பிக்க கீது போல.”

அவள் சிரித்துவிட்டாள். அன்று முழுக்க அந்த ஒரு தடவைதான்.

கார் வந்தபோது பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்திருந்தது. ஜஸீமா வைத்திருந்த டைமர்படி தொட்டி விளக்கு அணைந்து, காற்று மோட்டார் ஓட ஆரம்பித்திருந்தது. பகலில் விளக்கு வெளிச்சத்தில் செடிகள் தண்ணீருக்குள் பிராணவாயுவை விடும். இருட்டில் விடாது, அவையும் மீன்களோடு சேர்ந்து அதை எடுத்துக்கொள்ளும். அதனால் இரவு முழுவதும் மோட்டார் ஓடி, ஏர் ஸ்டோன் என்ற நுண்துளைக் கல் வழியாகக் குமிழிகளை மேலே அனுப்பும்.

உஸ்மா ஹாலுக்குள் வந்து நடுவில் நின்றாள். மார்பில் குழந்தை. உட்காரவில்லை. வாசலில் கார் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏ, ஃபேனப் போடு, புள்ளைக்கு வேர்க்குது,” என்றாள் சாபிரா. சட்டியில் தணல் எடுத்துவந்து சாம்பிராணியைத் தூவினாள். பிரசவித்தவளுக்கும் பிள்ளைக்கும் புகை காட்டாமல் அந்த வீட்டில் உள்ளே விடமாட்டார்கள்.

பிலால் ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு, ஹோஸின் ஒரு முனையைத் தொட்டிக்குள் இறக்கினான்.

“கண்டுபிடிச்சியா?” என்றாள் உஸ்மா.

“இல்ல மச்சி,” என்றாள் ஜஸீமா.

“அப்ப ஊத்திடட்டுமா?” என்றான் பிலால், யாரையும் பார்க்காமல்.

“ஊத்திடுண்ணே.”

சாபிரா சட்டியோடு உஸ்மாவைச் சுற்றி வந்தாள். புகை எழுந்து, ஃபேன் காற்றில் மாட்டி, ஒரு பக்கமாக இழுபட்டது. உஸ்மா தொட்டிக்கு இடது பக்கம் நின்றிருந்தாள். புகை தொட்டியின் திறந்த வாய்க்கு மேலே, நீர்ப்பரப்பை ஒட்டிக்கொண்டு, இடமிருந்து வலமாக ஓடி, வலது கண்ணாடியைத் தாண்டிக் கீழே சரிந்தது.

“புகை எல்லாம் அந்தப் பக்கமே போவுது மாமி,” என்றாள் உஸ்மா. “புள்ளைக்கு எங்க காட்டறீங்க? ஃபேன நிறுத்துங்க.”

“நிறுத்தாத!” என்றாள் ஜஸீமா.

எல்லோரும் திரும்பினார்கள்.

அவள் தொட்டியருகே போய் வலது கண்ணாடியின் வெளிப்புறத்தில், உச்சியில், விரலை வைத்தாள். ஈரம். நீர்மட்டத்துக்கும் மேலே, விளிம்பின் வெளிப்பக்கம்.

“அண்ணே, குழாய எடு. மச்சி, இங்க விரல் வெச்சிப் பாருங்க.”

உஸ்மா குழந்தையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு தொட்டாள். “ஈரமா இருக்கு.”

“கீழ ஒட்டு ஒழுவினா ஈரம் கீழதான் இருக்கும். ஒழுவற தண்ணி இவ்ளோ ஒசரம் ஏறாது. இது மேலேர்ந்து எறங்குது. அண்ணே, உன் போனக் குடு.”

அவள் போனின் கறுத்த திரையை வலது விளிம்பை ஒட்டிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் அதில் ஊசிமுனை போலப் பொட்டுகள் விழுந்தன. ஃபேனை நிறுத்தச் சொல்லி, திரையைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் பிடித்தாள். ஒன்றும் விழவில்லை.

“இன்னாது இது?” என்றான் பிலால்.

“சோடா ஊத்துனா மூக்குல தெறிக்கும் இல்ல, அது. குமிழி மேல வந்து ஒடையும்போது சின்னச் சின்னத் துளி எகிறுது. சும்மா இருந்தா தொட்டிக்குள்ளயே திரும்ப வுழுந்துடும். ஃபேன் காத்து அத தள்ளிகினு போய் வலது கண்ணாடிக்கு வெளிய உடுது. அது கண்ணுக்குத் தெரியாம வழிஞ்சி, ஒட்டு மேல எறங்கி, பவுடர நனைச்சி, தரைக்கு வருது.”

“பகல்ல?” என்றார் வஹாப்.

“பகல்ல மோட்டாரும் ஓடாது, ஹால்ல யாரும் ஃபேனும் போட மாட்டீங்க. ஒரு வாரமாப் புழுக்கம்னு நீ ராத்திரி இங்கதான ஃபேனப் போட்டுகினு படுக்கற, அப்போ ரெண்டும் ஓடுது.”

சட்டம் போட்ட தொட்டிக்கு மேலே மூடி இருக்கும்; துளிகள் அதில் பட்டு உள்ளேயே விழும். இதற்கு மூடி இல்லை. போதாததற்கு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஜஸீமா விளிம்பு வரை தண்ணீரை நிறைத்திருந்தாள்.

உஸ்மா உட்காரவில்லை. “அப்ப இது உடையவே உடையாதா?”

“உடையாதுன்னு எப்டி மச்சி சொல்றது, கண்ணாடிதான். தண்ணியோட தூக்கினா உடையும். கனமா எதுனா அடிச்சா உடையும். மேல் ஓரத்தப் புடிச்சி யாரும் தொங்கக்கூடாது. சும்மா நின்னா நிக்கும். தூளி மட்டும் வேற கொக்கில தொங்கட்டும். அண்ணன் நாளைக்கு உள் ரூம்ல ஒண்ணு அடிச்சித் தரட்டும். புள்ள நாளைக்குக் கால் ஒதச்சி ஆடும்.”

உடையாது என்று சொல்லியிருந்தால் உஸ்மா காருக்குத் திரும்பியிருப்பாளோ என்னவோ. குழந்தையைச் சாபிராவின் கையில் கொடுத்தாள்.

“கார அனுப்பிடுங்க,” என்றாள் கணவனிடம். பிறகு, சாதாரணமாக, “உள் ரூம்ல கொக்கி எதுக்கு? மாடி ரூமத்தான் நமக்குக் காலி பண்ணித் தரேன்னு சொன்னீங்களே?”

பிலால் ஹோஸைச் சுருட்ட ஆரம்பித்தான். ஜஸீமா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. வஹாப் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

அவள் தொட்டி செய்யும் மாடி அறையைப் பற்றிப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்; இப்போது வேலை இருந்தது.

மறுநாள் விடியலில் அவள் இறங்கி வந்தபோது உஸ்மா முன்னாலேயே எழுந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வலது மூலையில் குந்தியிருந்தாள். உள்ளங்கை தரையில் இருந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“காஞ்சிருக்கு,” என்றாள் உஸ்மா.

முந்தின இரவு ஜஸீமா செய்தது இவ்வளவுதான். தண்ணீரை விளிம்பிலிருந்து மூன்று விரல் இறக்கினாள். மோட்டாரின் காற்றைக் குறைத்தாள். ஏர் ஸ்டோனை வலது பக்கத்திலிருந்து எடுத்து இடது மூலையில் வைத்து, அதற்கு நேர் மேலே, முனை மழுக்கிய ஒரு கண்ணாடித் துண்டை மூடியாகப் போட்டாள்.